செண்டுமல்லி நாற்று 48 தயார்: இப்போதே நடலாமா, மே 24 வரை காத்திருக்கணுமா? (ஸ்காபரோ)

கொல்லைக்காரி | ஏப்ரல் 27, இரவு 9.40

வணக்கம். கனடாவில், டொராண்டோவின் ஸ்காபரோவில் ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் வீடு. மார்ச் 15 அன்று பேஸ்மெண்டில் ட்யூப் லைட் கட்டி, குழித்தட்டில் விதை போட்டேன். உயரச் செண்டுமல்லி 48, வாடாமல்லி ஓர் இருபது, கோழிக்கொண்டை ஒரு தட்டு. சொந்த ஊர் நிலக்கோட்டைப் பக்கம். செண்டுமல்லியை மூட்டை மூட்டையாகப் பார்த்து வளர்ந்தவள், இங்கே ஒவ்வொன்றாக எண்ணி வளர்க்கிறேன். ஆடி வெள்ளிக்கு வீட்டுப் பூவிலேயே மாலை கட்ட வேண்டும் என்று ஒரு வேகம்.

இப்போது ஆறு வாரம் ஆகிறது. செடி ஒரு சாண் இருக்கும். வேர் தட்டின் ஓட்டை வழியாக வெளியே வந்துவிட்டது. வெளியில் மூன்று நாளாக 21, 22 டிகிரி. பக்கத்து வீட்டுக்காரர் அரைக்கால் சட்டையோடு திரிகிறார். கடை வாசலில் பூச்செடிகளை அடுக்கிவிட்டார்கள்.

போன வருடம் இதே போல ஒரு வெயிலை நம்பி மே 3 அன்று நட்டேன். பத்து நாள் நன்றாகத்தான் இருந்தது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் முப்பது செடியும் கொதிநீரில் போட்டு எடுத்த கீரை மாதிரி தொங்குகிறது. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. அன்றைக்கு அழுதேன், சொல்ல என்ன வெட்கம்.

கேள்வி இதுதான். கடைசி உறைபனித் தேதி என்று தேடினால் ஒரு தளம் ஏப்ரல் கடைசி என்கிறது, ஒன்று மே 9 என்கிறது, இன்னொன்று மே நடுவில் என்கிறது. ஒரே ஊருக்கு எப்படி மூன்று தேதி? எதை நம்பி மண்வெட்டியை எடுப்பது?


வளவுக்காரன் | ஏப்ரல் 27, இரவு 10.05

தங்கச்சி, பொறுங்கோ. 31 வருசமாக ரொறன்ரோவில் தோட்டம் செய்கிறேன். மே 24 வாக்கில் வாற விக்ரோறியா தின நீண்ட வார இறுதிக்கு முந்தி செண்டு, தக்காளி, கத்தரி, மிளகாய் ஒன்றையும் நிலத்தில் வைக்கிறதில்லை. கடைக்காரன் செடியை வெளியே வைப்பது விற்கிறதுக்கு. நீங்கள் கொண்டுபோய் நட்டு, அது செத்து, திரும்ப வந்து வாங்கினால் அவனுக்கு இரண்டு தரம் காசு.


எக்செல்_ஏகாம்பரம் | ஏப்ரல் 27, இரவு 10.31

மூன்று தேதியும் தப்பில்லை. "கடைசி உறைபனித் தேதி" என்று போடுவது பெரும்பாலும் சராசரி. ஏறக்குறைய 30 வருடப் பதிவை எடுத்து, ஒவ்வொரு வசந்தத்திலும் கடைசியாக எப்போது பூஜ்யத்துக்கு இறங்கியது என்று அடுக்கி, நடுவில் ஒரு கோடு போடுகிறார்கள். அப்படியென்றால் சுமாராகப் பாதி வருடங்களில் அந்தத் தேதிக்கு அப்புறமும் உறைந்திருக்கிறது! காசைச் சுண்டிப் போட்டு நடுவதும் அந்தத் தேதியில் நடுவதும் ஒன்றுதான்.

இரண்டாவது, எந்த நிலையத்தின் பதிவு என்று பார்க்க வேண்டும். டவுன்டவுனில் கான்கிரீட் சூடு இருக்கிறது, ஏரியும் பக்கத்தில். அங்கே உறைபனி சீக்கிரம் விலகிவிடும். பியர்சன் விமான நிலையப் பக்கம் தாமதம். வடக்கே மார்க்கம் தாண்டி ஸ்டஃப்வில் போனால் இன்னும் தாமதம். எல்லாவற்றுக்கும் "டொராண்டோ" என்றே பெயர் போட்டுவிடுகிறார்கள்.

கனடா சுற்றுச்சூழல் துறையின் காலநிலை அட்டவணையில் 50 சதவீதத் தேதியோடு 25, 10 சதவீதத் தேதிகளும் தனியாக இருக்கும். உங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள நிலையத்தை எடுத்து, 10 சதவீதம் என்ற கட்டத்தைப் பாருங்கள் (அந்தத் தேதிக்கு அப்புறம் உறைய பத்தில் ஒரு வாய்ப்புதான்). உங்களுக்கு வேண்டியது அதுதான்.

வளவுக்காரன் அண்ணாவிடம் ஒரு சந்தேகம். விக்டோரியா தினம் என்பது மே 25க்கு முந்தைய திங்கள்கிழமை. ஒரு வருடம் 18 வரும், இன்னொரு வருடம் 24 வரும். விக்டோரியா ராணி பிறந்தது 1819 மே 24. ராணியின் பிறந்தநாளுக்கும் செண்டுமல்லிக்கும் என்ன உறவு?


வளவுக்காரன் | ஏப்ரல் 27, இரவு 10.48

உறவு என்னவென்றால் தம்பி, மூன்று நாள் லீவு. வேலைக்குப் போகிறவனுக்கு மண் கொத்த வேறு எப்ப நேரம்? அந்த நேரத்தில் பனியும் அனேகமாக விட்டிருக்கும். அவ்வளவுதான் சூத்திரம்.

ஆனால் நேர்மையாக ஒன்று சொல்லவேணும். 2015ல் விக்ரோறியா தினம் மே 18. 23ஆம் திகதி விடிய ஒன்ராறியோவில் உறைபனி விழுந்து அப்பிள் தோட்டக்காரர்களுக்குப் பெரிய அடி. எனக்கும் அந்த முறை ஒரு வரிசை மிளகாய் போனது. 2020ல் மே 9ஆம் திகதி அன்னையர் தினத்துக்கு முதல் நாள் ஸ்நோ பறந்தது, எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆகவே திகதியை நம்பி நித்திரை கொள்ள ஏலாது. நட்ட பிறகும் மாத முடிவு வரை இரவு வானிலை பார்க்கிறது என் பழக்கம்.


கால்கரி_காத்து | ஏப்ரல் 27, இரவு 11.15

டொராண்டோக்காரர்கள் உறைபனி பற்றிப் புலம்புவதைப் படிக்க ஆசையாக இருக்கிறது. இங்கே 2014ல் செப்டம்பர் 8ஆம் தேதியே பனி கொட்டி, இன்னும் இலையோடு நின்ற மரமெல்லாம் பாரம் தாங்காமல் முறிந்தது. நாங்கள் ஜூன் பிறந்த பிறகுதான் செண்டுமல்லியை வெளியே காட்டுவோம். சரி, நீங்கள் பேசுங்கள்.


தொட்டபெட்டா | ஏப்ரல் 28, காலை 6.20

நான் கனடா பார்த்ததில்லை. ஊட்டியில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். எங்களுக்கு உறைபனி நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, உங்களுக்கு மே வரை இழுக்கிறது. ஆனால் உறைபனியின் குணம் எங்கேயும் ஒன்றுதான், அதனால் எழுதுகிறேன்.

அக்கா, தேதி கேட்டீர்கள். நான் இடம் கேட்கிறேன். உங்கள் கொல்லை மேடா, பள்ளமா? ஊட்டியில் ஒரே இரவில் தலைகுந்தா புல்வெளியும் காந்தல் பள்ளமும் குதிரைப் பந்தய மைதானமும் வெள்ளை வெளேர் என்று கிடக்கும். பக்கத்து மேட்டில் இருக்கும் தோட்டத்தில் ஒரு பொட்டு இருக்காது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். கீழே வேலியோ சுவரோ தடுத்தால் அங்கே குளம் கட்டி நிற்கும். ரூஜ் பள்ளத்தாக்கு என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்தது, வானிலை அறிக்கையில் சொல்லும் டிகிரி தரையில் எடுத்தது இல்லை. சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில், பெட்டிக்குள் இருக்கிற தெர்மாமீட்டரில் எடுத்தது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்து, இலை அசையாத இரவு என்றால் தரை அதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைந்துவிடும். "குறைந்தபட்சம் 2" என்று படித்துவிட்டுத் தூங்கினால் காலையில் செடி கருகியிருக்கும். அதே 2 டிகிரியில் மேகம் மூடியிருந்தாலோ காற்று அடித்தாலோ ஒன்றும் ஆகாது. மேகம் கம்பளி மாதிரி. நான் எண்ணைவிட நட்சத்திரத்தைத்தான் பார்ப்பேன். சாயங்காலம் காற்று விழுந்து, நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் போர்வையை எடுத்துவிடுவோம்.

எங்கள் தாவரவியல் பூங்காவில் அழகுச் செடிகளுக்கு இரவில் கோத்தகிரி மிலார் என்ற செடியின் தழையைப் போர்த்துவார்கள். பாத்தி பாத்தியாகக் கூரை வேய்ந்த மாதிரி இருக்கும். மே மாத மலர்க் கண்காட்சிக்கு உண்டான நாற்றுகளை அந்தக் குளிர்காலத்தில்தான் கண்ணில் எண்ணெய் விட்டுக் காப்பாற்றுகிறார்கள்.


கொல்லைக்காரி | ஏப்ரல் 28, காலை 8.10

தம்பி, நேரில் பார்த்த மாதிரி எழுதிவிட்டீர்கள். கொல்லை பின்னால் சரிந்து ஓடைப் பக்கம் இறங்குகிறது. கீழே ஆறடிப் பலகை வேலி, இடைவெளியே இல்லாமல். போன வருடம் செத்த முப்பதும் அந்த வேலி ஓரம்தான்! வெயில் நன்றாகப் படுகிறதே என்று அங்கே நட்டேன். வீட்டுச் சுவர் ஓரம் தொட்டியில் வைத்திருந்த நாலு செடிக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதை என் கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.


பேர்ன்_சித்தி | ஏப்ரல் 28, காலை 9.02

சுவிஸிலிருந்து. இங்கே பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அட்டவணையெல்லாம் வேண்டாம். "பனிப் புனிதர்கள் போகட்டும்" என்பார். ஜெர்மன் பேசுகிற இடமெங்கும் இருக்கிற வழக்கம். மே 11 முதல் 15 வரை மாமர்ட்டுஸ், பங்க்ராட்சியுஸ், செர்வாட்சியுஸ், போனிஃபாட்சியுஸ் என்று நாலு புனிதர்களின் திருநாள், கடைசி நாள் சோஃபி. "குளிர் சோஃபி" என்றே பெயர். அவள் போன பிறகுதான் ஜெரேனியம் பால்கனிக்கு வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த வழக்கு பழைய நாட்காட்டிக் காலத்தது. 1582ல் நாட்காட்டியைத் திருத்தியபோது பத்து நாள் தாவிவிட்டது. புனிதர்கள் அதே தேதியில் நின்றுவிட்டார்கள், குளிர் நகரவில்லை. கணக்குப்படி பார்த்தால் சோஃபி மே 25 வாக்கில் வரவேண்டியவள். வளவுக்காரன் அண்ணையின் விக்டோரியா ராணிக்கு அருகில் வந்துவிட்டாள் பாருங்கள்.


எக்செல்_ஏகாம்பரம் | ஏப்ரல் 28, மதியம் 12.44

சோஃபியை எக்செலில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று யோசிக்கிறேன்.

கொல்லைக்காரி அக்கா, இன்னொரு விஷயம். செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை மூன்றும் சூட்டுப் பிள்ளைகள். உறைபனி இல்லை என்பது மட்டும் அவற்றுக்குப் போதாது. இரவு 10 டிகிரிக்குக் கீழே போய்க்கொண்டிருந்தால் சாகாது, வளரவும் வளராது. இலை ஊதா நிறமாகிச் சும்மா நிற்கும். மண்ணும் குளிர்ந்திருந்தால் வேர் அழுகல் வேறு. சமையலறைத் தெர்மாமீட்டரைக் காலை எட்டு மணிக்கு நாலு அங்குலம் மண்ணில் குத்திப் பாருங்கள். 15 வந்தால் அவசரப்படலாம்.

ஆடி கணக்கும் போட்டுவிட்டேன். மே 24 அன்று நட்டாலும் ஆடி பிறக்க எட்டு வாரம் பக்கம் இருக்கிறது. இப்போதே ஆறு வாரச் செடி உங்கள் கையில். மாலைக்குத் தட்டுப்பாடு வராது. வேர் நெருக்கம்தான் பிரச்சினை என்றால் நாலு அங்குலத் தொட்டிக்கு மாற்றுங்கள், அதற்கு நிலம் எதற்கு?


கொல்லைக்காரி | ஏப்ரல் 28, மதியம் 1.20

48 தொட்டியா! ஜன்னல் திட்டில் சாமி படத்துக்கே இடமில்லை.

கை அரிக்கிறது, இப்போதே எதையாவது நட வேண்டும். குளிர் தாங்குகிற பூ எது?


வளவுக்காரன் | ஏப்ரல் 28, மாலை 5.33

பான்சி, வயோலா, ஸ்நாப்டிராகன், அலிசம். இவை இலேசான உறைபனியில் தலை குனிந்துவிட்டு வெயில் வந்ததும் நிமிரும். குளிருக்குப் பழகின செடியாகப் பார்த்து வாங்கவேணும், கண்ணாடி வீட்டிலிருந்து நேரே வந்தது என்றால் அதுவும் சுணங்கும். ஸ்வீட் பீ விதையை இப்ப நேரே மண்ணிலேயே ஊன்றலாம், பிந்தினால் வெய்யிலுக்குப் பூக்காது. டேலியாக் கிழங்கு இப்ப வேண்டாம், ஈரமும் குளிரும் சேர்ந்தால் உள்ளுக்கே அழுகும். மனிசி போன வருசம் அவசரப்பட்டு வைத்து ஏழு கிழங்கில் ஐந்து போச்சுது. அதை இங்கே எழுதினேன் என்று அவவுக்குச் சொல்லாதேங்கோ.


மல்லிப்பிரியை | ஏப்ரல் 29, காலை 10.15

இழையைத் திருப்புவதற்கு மன்னிக்கவும். தொட்டியில் மல்லிகை, ஹாலில் ஏழு மாதமாக இருக்கிறது. எப்போது வெளியே வைக்கலாம்?


வளவுக்காரன் | ஏப்ரல் 29, மாலை 6.02

இரவு வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் தொடர்ந்து நின்ற பிறகு. முதல் கிழமை நிழல். செப்டம்பரில் பத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் திரும்ப உள்ளே. வீட்டுக்குள் கொண்டுவர முந்தி இலைக்கு அடியில் பூச்சி பாருங்கோ, இல்லாவிட்டால் முழு வீட்டுக்கும் வெள்ளை ஈ.


கொல்லைக்காரி | மே 6, இரவு 8.50

நாற்றை வெளி வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கத் தொடங்கினேன். முதல் நாளே சொதப்பல். காலையில் டெக்கில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் மேலிலைகள் வெள்ளைக் காகிதம் மாதிரி வெளுத்திருக்கின்றன. குளிரே இல்லை, 17 டிகிரி. ட்யூப் லைட்டில் வளர்ந்தது நேர் வெயிலைத் தாங்கவில்லை. ஆறு நாற்று போச்சு, மீதி 42. இப்போது ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று மேப்பிள் மரத்தடியில் வைத்து எடுக்கிறேன். ஸ்கூலில் எல்.கே.ஜி. பிள்ளையை விட்டுவிட்டு வருகிற மாதிரி இருக்கிறது.


தொட்டபெட்டா | மே 7, காலை 5.55

காற்றும் பட வேண்டும் அக்கா, தண்டு கெட்டிப்படும். பத்து நாள் கொடுங்கள்.


கொல்லைக்காரி | மே 13, மாலை 4.15

அவசரம். யாரும் திட்டக்கூடாது. சனிக்கிழமை 20 செடியை நட்டுவிட்டேன். (ஆமாம், தெரியும்.) எட்டு மேலே சுவர் ஓரம், பன்னிரண்டு நடுப் பாத்தியில். வேலி ஓரம் ஒன்றும் வைக்கவில்லை, அந்த அளவுக்குப் புத்தி வந்திருக்கிறது. இன்றிரவு குறைந்தபட்சம் 2 என்கிறார்கள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. என்ன செய்ய?


வளவுக்காரன் | மே 13, மாலை 4.22

திட்டு பிறகு. முதலில் மண்ணுக்குத் தண்ணீர் விடுங்கோ, இலைக்கு அல்ல. ஈர மண் பகல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். பொழுது படமுந்தியே பழைய பெட்சீற்றால் மூடுங்கோ. இருட்டின பிறகு மூடினால் சூடு முழுக்கப் போன பிறகு கதவடைக்கிற கதை.


தொட்டபெட்டா | மே 13, மாலை 4.40

நடுச்சாமம் தாண்டிவிட்டது இங்கே, உங்கள் செய்தி பார்த்து எழுந்தேன். துணி தரை வரை தொங்கி, ஓரத்தில் கல் வைக்க வேண்டும். வரவேண்டிய சூடு மண்ணிலிருந்துதான் வருகிறது, அதனால் செடியின் கழுத்தில் முடிச்சுப் போட்டு மூட்டை கட்டாதீர்கள். குச்சி நட்டு அதன் மேல் போர்த்துங்கள், துணி இலையில் படாமல். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், அது தொடுகிற இடம் கருகும். துணி போதாத இடத்தில் பக்கெட்டைக் கவிழ்த்துவிடுங்கள். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள், மறந்தால் அவிந்துவிடும்.


கொல்லைக்காரி | மே 14, காலை 10.40

முடிந்தது. சொல்கிறேன்.

ஏழு மணிக்கே மூடிவிட்டேன். இரண்டு பெட்ஷீட், ஒரு பழைய வேட்டி, நாலு பெயிண்ட் பக்கெட், இட்லி மாவு அரைக்கிற பெரிய டப்பா. தெர்மாமீட்டரை நடுப் பாத்தியில் தரையில் படுக்க வைத்தேன். தூக்கமே வரவில்லை. நாலே முக்காலுக்கு டார்ச்சோடு போனேன். டவுன்டவுனில் தங்கை வீட்டில் 5 டிகிரியாம். எங்கள் பகுதிக்கு அறிக்கையில் அந்த நேரத்துக்கு 2. தரையில் கிடந்தது மைனஸ் 1.

வேட்டி விறைத்துப் போய்த் தகரம் மாதிரி நின்றது. கையால் தட்டினால் சத்தம் வருகிறது. புல்லில் நடந்தால் மொறுமொறுவென்கிறது, கீழே வேலி ஓரம் வெள்ளை வெளேர். மேலே வர வர மெலிந்து, சுவரிலிருந்து நாலு அடிக்குள் வெறும் பனித்துளி. தொட்டபெட்டா தம்பி சொன்ன குளத்தின் கரையைக் கோடு போட்டுக் காட்டின மாதிரி இருந்தது. போட்டோ எடுத்தேன், இருட்டில் விழவில்லை.

நடுப் பாத்தியில் கடைசி இரண்டு செடிக்குத் துணி எட்டவில்லை, ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டியிருந்தேன். ஆறு மணிக்குப் பார்த்தபோது அவை இரண்டும் அழகாகத்தான் இருந்தன. இலை ஓரத்தில் சர்க்கரை தூவின மாதிரி. பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். ஒன்பது மணி வெயில் பட்டதும் பை ஒட்டியிருந்த இலைகள் கண் முன்னாலேயே கறுத்து, ஈரமாகி, தொங்கிவிட்டன. போன வருடக் கீரை. பக்கெட்டுக்குள் இருந்த நாலும் துணிக்குள் இருந்தவையும் நன்றாக இருக்கின்றன. சுவர் ஓரம் எட்டு சும்மா மூடாமலே தப்பித்திருக்கும் போல.


எக்செல்_ஏகாம்பரம் | மே 14, காலை 11.05

அறிக்கை 2, தரை மைனஸ் 1. இந்த மூன்று டிகிரி வித்தியாசத்தை உங்கள் கொல்லைக்கான திருத்தமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி அமைதியான, மேகமில்லாத இரவில் அறிக்கை எவ்வளவு சொன்னாலும் மூன்றைக் கழித்துவிட்டுப் படியுங்கள். இன்னும் நாலைந்து இரவு அளந்து பார்த்தால் எண் உறுதியாகும். என் அட்டவணையைவிட இது உங்களுக்கு உதவும்.


வளவுக்காரன் | மே 14, மாலை 6.15

இப்ப திட்டுகிறேன். முதல் நாளே என்ன சொன்னனான்?

சரி, விடுங்கோ. கருகினதை இப்பவே பிடுங்காதேங்கோ. அடித்தண்டு பச்சையாக இருந்தால் கணுவில் திரும்பத் துளிர்க்கும். ஒரு கிழமை பாருங்கோ.


கொல்லைக்காரி | மே 26, இரவு 9.15

அண்ணை சொன்ன மாதிரியே ஒன்று அடிக்கணுவில் துளிர்த்துவிட்டது, மற்றது போய்விட்டது. மீதி 22 செண்டுமல்லியையும் வாடாமல்லியையும் இந்த வார இறுதியில் நட்டேன். மண் காலையில் 16. வேலி ஓரத்துக்கு இனி பான்சியும் டூலிப்பும் மட்டும்தான், டூலிப் கிழங்கு அக்டோபரில். வேலிப் பலகையில் அடியில் இரண்டை எடுத்துவிடலாமா, குளிர் காற்று ஓடைக்கு வழிந்து போகட்டும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன். முயல் வந்துவிடும் என்கிறார்.

முன்னால் நட்ட 19க்கும் நேற்று நட்டதற்கும் உயரத்தில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. இதை வளவுக்காரன் அண்ணை படிக்காமல் இருந்தால் நல்லது.


வளவுக்காரன் | மே 26, இரவு 9.21

படிச்சாச்சு.

வாடாமல்லி நாற்று மிச்சம் இருக்கா தங்கச்சி? மனிசி கேட்கச் சொன்னவ.


கொல்லைக்காரி | மே 26, இரவு 9.30

ஆறு இருக்கிறது, தட்டோடு டெக்கில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வாருங்கள். டேலியாக் கிழங்கு மிஞ்சினது இருந்தால் ஒன்று கொண்டு வாருங்கள் அண்ணை.